26 கப்பல்கள், ஒரு மேசை: சிறு சண்டை விதிகளைப் பெரும்போருக்கு ஆக்குவது பற்றி

கேள்வி, 04.06.2024

மட்டக்களப்பில் நாங்கள் நால்வர் பாய்க்கப்பல் சிற்றுருக்களை வைத்து விளையாடி வருகிறோம். பக்கத்துக்கு இரண்டு கப்பல், மிஞ்சினால் மூன்று. அந்த அளவில் விதிகள் அருமையாக ஓடுகின்றன. 1782 செப்டெம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரெனும் மோதிய போரை அதே விதிகளால் முழுமையாக ஆட நினைத்துத் தொடங்கினோம். பொழுது சாயும்வரை இருந்தும் மூன்றாம் சுற்றைத் தாண்டவில்லை. எதை வெட்டினால் 26 கப்பல்களும் (ஆங்கிலேயர் 12, பிரெஞ்சுக்காரர் 14) ஒரு நாளுக்குள் ஆடி முடியும்? திருகோணமலையில் யாராவது ஆடிப் பார்த்திருந்தால் சொல்லவும்.

05.06.2024

எதை வெட்டுவது என்று பார்ப்பதற்கு முன் நேரத்தைக் கணக்குப் பாருங்கள், தம்பி. அன்றைய சண்டை பிற்பகல் இரண்டரை மணியளவில் தொடங்கி இருட்டும்வரை நடந்தது. நான்கு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விதியில் ஒரு சுற்று ஐந்து நிமிடத்தைக் குறிக்குமானால் முழுப் போருக்கும் 48 சுற்றுகள் வேண்டும். ஒரு கப்பலை நகர்த்தி, பாயைச் சரிசெய்து, குண்டின் வகையைத் தேர்ந்து, பகடை உருட்டி, சேதத்தைத் தாளில் அடிக்க இரண்டு நிமிடம் போதும் என்று தாராளமாகக் கொண்டாலும் 26 கப்பல்களுக்கு 52 நிமிடம் ஆகும். 48 சுற்றுக்கு 2,496 நிமிடம், அதாவது 41 மணித்தியாலத்துக்கும் மேல். இதில் தேநீருக்கும், காற்று எந்தப் பக்கம் என்ற வாக்குவாதத்துக்கும் நான் நேரம் சேர்க்கவில்லை.

இந்த இரண்டு நிமிடத்தை ஒன்றரை நிமிடமாகக் குறைத்தாலும் 31 மணித்தியாலம் மிஞ்சும். எனவே குறைக்க வேண்டியது சுற்றுகளின் எண்ணிக்கையை. ஒரு சுற்று 20 நிமிடத்தைக் குறிக்கட்டும். போர் 12 சுற்றில் முடிந்துவிடும். சுற்றுக்கு 25 நிமிடம் செலவானாலும் ஐந்து மணித்தியாலம். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் சற்றே பிந்திய மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடலாம்.

06.06.2024

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன், ஏனெனில் சுற்றின் காலத்தை நீட்டியவுடன் மற்ற விதிகள் பாதிக்கு மேல் தாமாகவே பொருளிழந்துவிடும். இருபது நிமிடத்துக்குள் ஒரு கப்பல் பாயைச் சுருக்கவும், மறுபடி விரிக்கவும், உருண்டைக் குண்டை விட்டுச் சங்கிலிக் குண்டுக்கு மாறவும், அறுந்த கயிற்றைக் கட்டவும் முடியும். அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக மேசையில் கேட்டுக்கொண்டிருப்பது கப்பல் தலைவனுடைய வேலையை ஆட்டக்காரர் செய்வதாகும். இரண்டு கப்பல் ஆட்டத்தில் நீங்கள் கப்பல் தலைவர், ஆகவே அந்த வேலை உங்களுடையது. பதினான்கு கப்பல்களின் முன்னால் உட்கார்ந்தவர் கடற்படைத் தளபதி. அவருக்கு எந்தக் கப்பலின் சக்கரத்தையும் திருப்ப முடியாது. அவரிடம் இருப்பவை முன்கூட்டி எழுதிக் கொடுத்த உத்தரவும், கொடிமரத்தில் ஏற்றும் சைகைக் கொடிகளும், தம்முடைய சொந்தக் கப்பலை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்ற தீர்மானமும் மட்டுமே.

ஆட்டம் பெருக்கும்போது ஆட்டக்காரரின் பதவி உயர வேண்டும் என்பதே என்னுடைய கருத்து. பதவியை உயர்த்தாமல் கப்பல்களின் எண்ணிக்கையை மட்டும் உயர்த்தினால் ஒரே மனிதர் பதினான்கு பேரின் கணக்கெழுதுநராக மாறிவிடுவார். உங்கள் விறாந்தையில் நடந்தது அதுதான்.

06.06.2024, இரவு

நிலாவெளி நண்பர் கேட்கிறார்: அப்படியானால் மற்றவர்களுக்கு என்ன வேலை? ஒவ்வொரு தரப்பும் முன்னணி, நடு, பின்னணி என்று மூன்று பிரிவாக வரிசையில் நிற்பது அந்தக் காலத்து வழக்கம். பக்கத்துக்கு மூவர், அவர்களில் நடுவில் இருப்பவர் தளபதி, ஒரு நடுவர். ஆக ஏழு பேர். நடுவர் ஏன் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

11.06.2024

பகடைகளைக் குறைத்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்: முப்பது பகடை உருட்டும் இடத்தில் ஆறு உருட்டி, வந்ததை ஐந்தால் பெருக்கச் சொல்கிறார். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த யோசனை, பெரிய ஆட்டங்களைக் கெடுப்பதில் முதலிடம் வகிக்கிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

5 அல்லது 6 விழுந்தால் அடி என்று கொள்வோம். முப்பது பகடைக்குச் சராசரி 10 அடி. ஆறு பகடையை ஐந்தால் பெருக்கினாலும் சராசரி அதே 10தான். சராசரி ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நம்பிவிடுகிறோம். ஆனால் முப்பது பகடையில் திட்ட விலக்கம், அதாவது விடைகள் சராசரியை விட்டுச் சிதறும் அளவு, ஏறத்தாழ 2.6, பத்தில் எட்டுத் தடவை விடை 7க்கும் 13க்கும் இடையில் விழும். ஆறு பகடையைப் பெருக்கும்போது விலக்கம் 5.8 ஆகிவிடுகிறது. ஒரு அடிகூட விழாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 9. இருபதோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு நூற்றுக்கு 10. முப்பது பகடையில் இருபது அடி விழுவது ஆயிரத்தில் ஒரு தடவைகூட நிகழாது. அதாவது நேரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்ற பெயரில் போரைச் சூதாட்டமாக்கி விடுகிறோம்.

இதை இருபது நிமிடச் சுற்றோடு பொருத்திப் பாருங்கள். 74 பீரங்கிக் கப்பலுக்குப் பக்கத்துக்கு 37 பீரங்கிகள். இருபது நிமிடத்தில் அது பல தடவை முழுப் பக்கமாகச் சுடும். ஒரு சுடுகை தவறலாம், மற்றொன்று அபாரமாக அமையலாம்; சேர்த்துப் பார்த்தால் எல்லாம் சராசரியை நோக்கி ஒதுங்கிவிடும். எனவே நீண்ட சுற்றில் பீரங்கியின் அதிர்ஷ்டம் குறைந்தே இருக்க வேண்டும்.

நாங்கள் செய்வது இது. தூரத்துக்கும் கப்பலின் நிலைக்கும் ஏற்ற அடி எண் அட்டவணையிலேயே இருக்கிறது. ஒரு சிவப்புப் பகடை, ஒரு நீலப் பகடை. சிவப்பிலிருந்து நீலத்தைக் கழித்து வரும் எண் 4 அல்லது 5 ஆனால் அட்டவணையில் ஒரு படி மேலே போகிறோம். கழித்தல் 4, கழித்தல் 5 ஆனால் ஒரு படி கீழே. மற்றபடி அட்டவணை சொன்னதே முடிவு. 36 சேர்க்கைகளில் ஆறில் மட்டுமே மாற்றம் வரும்; ஆறுக்கு ஐந்து தடவை சராசரி நிற்கும். இரண்டு பகடை, ஒரு கழித்தல், முடிந்தது. எழுத்தறிவு போதாத என் மருமகன்கூட இரண்டாம் சுற்றிலிருந்து என்னைக் கேட்காமல் செய்கிறான்.

12.06.2024

மருமகனுக்கு ஏழு வயது. இதை முன்பே எழுதியிருந்தால் நேற்றிரவு எனக்கு இத்தனை தொலைபேசி அழைப்புகள் வந்திரா.

12.06.2024

கப்பல்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும்போது கவனம். ஆங்கிலேய வரிசையில் ‘ஹீரோ’, பிரெஞ்சு வரிசையில் சஃப்ரெனின் சொந்தக் கப்பல் ‘எரோ’. போதாததற்குப் பிரெஞ்சுக்காரரிடம் ‘அன்னிபால்’ ஒன்றும், ஆங்கிலேயரிடமிருந்து அவர்கள் பிடித்த ‘சின்ன அன்னிபால்’ ஒன்றும். ‘எரோவைச் சுடு’ என்று உற்சாகத்தில் கத்திய ஆங்கிலேயப் பின்னணித் தலைவர் ஒருவர் எங்கள் மேசையில் சொந்தக் கப்பலையே அடித்து நொறுக்கினார். நடுவர் அந்த அடியைச் செல்லுபடியாக்கினார். நடுவர் நான்தான்.

19.06.2024

இனி மேசை. கேள்வி கேட்ட தம்பி அனுப்பிய படத்தில் கப்பல்கள் 1:1200 அளவில் இருப்பதாகத் தெரிகிறது. அந்த அளவில் 74 பீரங்கிக் கப்பலின் உடல் நாலரை சென்ரிமீற்றர் வரும். வரிசையில் கப்பலுக்குக் கப்பல் 200 மீற்றர் இடைவெளி விட்டால் மேசையில் அது 16 சென்ரிமீற்றரைத் தாண்டும். பதினான்கு கப்பல்களுக்கு மூன்று மீற்றர் தேவை. நம்மூர்க் கடைகளில் ஒட்டுப்பலகை எட்டடிக்கு நாலடி, நீளம் 2.4 மீற்றர். வரிசை பலகைக்கு வெளியே கதிரையில் போய் முடியும்.

ஆகவே கப்பலின் அளவும் கடலின் அளவும் வேறாக இருக்கட்டும். கடலை 1:4000 ஆக்கினோம். ஆறு சென்ரிமீற்றர் அடித்தட்டு ஒன்று 240 மீற்றரைக் குறிக்கும். கப்பலும் அதன் பின்னுள்ள இடைவெளியும் அதற்குள் அடங்கும். அடித்தட்டோடு அடித்தட்டு முட்ட வைத்தால் அதுவே ஒழுங்கான போர் வரிசை. பதினான்கும் 84 சென்ரிமீற்றருக்குள் நிற்கின்றன. 400 மீற்றர் தூரத்துச் சுடுகை பத்து சென்ரிமீற்றர். இதில் அழகு என்னவென்றால், வரிசை குலைந்ததா இல்லையா என்று யாரும் அளக்க வேண்டியதில்லை. தட்டுகளுக்கிடையே துணி தெரிந்தால் குலைந்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. மணிக்கு மூன்று கடல்மைல் வேகத்தில் போகும் வரிசை இருபது நிமிடத்தில் ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீற்றர் போகும். மேசையில் 46 சென்ரிமீற்றர். ஆறாம் சுற்றில் இரண்டு படைகளும் பலகையை விட்டு இறங்கிப் படலையடிக்குப் போய்விடும். உண்மையிலும் அப்படித்தான் நடந்தது. ஹியூஸ் தென்கிழக்காக விலகிச் சஃப்ரெனைத் துறைமுகத்திலிருந்து வெகுதூரம் வெளிக்கடலுக்கு இழுத்துப் போனார். இதற்கு நாங்கள் கண்ட வழி, ஆங்கிலேய வரிசையை அசையாமல் மேசையின் நடுவில் நிறுத்திவிட்டு, மற்ற அனைத்தையும் அதற்கு ஒப்பிட்டு நகர்த்துவது. வேகத்தில் ஒரு கடல்மைல் வித்தியாசம் இருந்தால் சுற்றுக்கு 15 சென்ரிமீற்றர் முன்னேயோ பின்னேயோ. கடல் ஓடுகிறது, கப்பல் நிற்கிறது. முதலில் கண்ணுக்கு ஏற்காது; இரண்டு சுற்றுக்குப் பிறகு வேறு விதமாக நகர்த்த மனம் வராது.

20.06.2024

கப்பல் செய்வது பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: உடலுக்கு ஐஸ்கிறீம் குச்சி, பாய்மரத்துக்குத் தென்னை ஈர்க்கு, பாய்க்குப் பிறிஸ்டல் மட்டை. ஈர்க்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை ஈர்க்கு ஒரு மாதத்தில் வளைந்து எல்லாக் கப்பலும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். மின்விசிறியைப் போட்டால் பாய்கள் காற்றைப் பிடித்துக் கப்பல் நகர்கிறது, நிறுத்தினால் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதத்தில் மனிதர் இருக்க முடியாது. வலைக் கடையில் விற்கும் ஈயத்தை வாங்கி அடித்தட்டின் கீழ் ஒட்டினோம். அதற்குப் பிறகு விசிறியும் சுழல்கிறது, வரிசையும் நிற்கிறது. ஈயத்தைத் தொட்டால் கை கழுவிவிட்டே வடையைத் தொடவும்.

01.07.2024

பீரங்கியிலிருந்து எடுத்த அதிர்ஷ்டத்தை எங்கே வைப்பது என்று நிலாவெளி நண்பர் கேட்டது சரியான கேள்வி. கொடிமரத்தில் வைக்க வேண்டும்.

அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். சஃப்ரெனிடம் பதினான்கு கப்பல்கள், எதிரே பன்னிரண்டு. காற்று அவர் பக்கம். நெருங்கித் தாக்கும்படி கொடியேற்றி, அதை அழுத்திச் சொல்ல ஒரு பீரங்கியையும் வெடிக்கச் செய்தார். அதைச் சண்டை தொடங்கும் உத்தரவாக எடுத்துக்கொண்டு பிரெஞ்சு வரிசை எட்டத்திலிருந்தே சுடத் தொடங்கிவிட்டது. முன்னணி முந்திப் போய்விட்டது, பின்னணி தூரத்தில் நின்றது. நடுவில் ‘எரோ’, ‘இலுஸ்திர்’, ‘அஜாக்ஸ்’ என்ற மூன்று மட்டுமே எதிரியை நெருங்கி நின்று அடிபட்டன. பிரெஞ்சுத் தரப்பில் இறந்தவர் 82 பேர்; அவர்களில் 64 பேர் இந்த மூன்று கப்பல்களைச் சேர்ந்தவர்கள். காயமடைந்த 255 பேரில் 178 பேரும் அவ்வாறே. பீரங்கிப் பகடையை எத்தனை தடவை உருட்டினாலும் இந்த எண்கள் வாரா. கொடி புரியாமல் போனால்தான் வரும்.

எங்கள் விதி: தளபதி சுற்றுக்கு ஒரே ஒரு சைகை ஏற்றலாம், அதுவும் எட்டுச் சைகைகள் கொண்ட பட்டியலிலிருந்து மட்டுமே. மற்ற இரண்டு பிரிவுத் தலைவர்களும் தமக்குள்ளும் தளபதியோடும் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொருவரும் நடுவருடைய கிண்ணத்தில் மறைவாக ஒரு பகடை உருட்டுவார். 3க்கு மேல் விழுந்தால் சைகை புரிந்தது, 2 அல்லது 3 விழுந்தால் அடுத்த சுற்றில் புரியும். 1 விழுந்தால் பழைய உத்தரவே நிற்கும், ஆனால் அது அவருக்குத் தெரியாது. புரிந்த சைகை என்று நடுவர் வேறொரு சீட்டை நீட்டுவார். கொடியோடு பீரங்கியும் வெடித்தால் பகடைக்கு ஒன்று கூட்டலாம். எனினும் பகடையில் இயற்கையாக 1 விழுந்துவிட்டால் அந்தப் பிரிவு முழுவதும் நின்ற தூரத்திலிருந்தே சுடத் தொடங்கும். நடுவர் தேவைப்படுவது இந்தக் கிண்ணத்துக்காகவே.

சுட்ட கப்பலின் பக்கத்தில் ஒரு துண்டு இலவம்பஞ்சு வைக்கிறோம். தளபதியின் கப்பலுக்கும் உங்கள் பிரிவுக்கும் நடுவில் பஞ்சு இருந்தால் பகடைக்கு ஒன்று குறையும். மூன்றாம் மணித்தியாலத்தில் மேசையைப் பார்த்தால் தலையணை கிழிந்ததுபோல இருக்கும். அந்தக் கட்டத்தில் தளபதி ஏற்றும் கொடியை ஏற்றாமலே இருந்திருக்கலாம்.

03.07.2024

கடற்போர் வேண்டாம், தரைப்படையை எப்படிப் பெருக்குவது என்று கேட்டவருக்கு: பழங்காலப் போர்களுக்கு 1990இல் வந்த ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாட்டிஸ்’ விதிகளைப் பாருங்கள். பக்கத்துக்குப் பன்னிரண்டு தட்டுகள், ஒரு பகடை. பகடையில் விழுந்த எண் அளவுக்கே நகர்த்தல்கள். அதன் பெரும்போர் வடிவத்தில் தட்டுகள் 36 ஆகின்றன, தளபதிகள் மூவராகின்றனர், ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகடை. தட்டின் உள்ளே எத்தனை ஆள், எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே கட்டுப்பாட்டுக்குப் பகடை வைத்திருந்ததால் மூன்று மடங்காக்கியபோதும் அந்த விதி நொண்டவில்லை.

நடுவர் வைத்து ஆடுவது கள்ளத்தனம் என்று எழுதியவருக்கு: 1824இல் பிரஷ்யப் படைக்கு ரைஸ்விட்ஸ் செய்து கொடுத்த வரைபடப் போர்விளையாட்டிலேயே நடுவர் இருந்தார். ஆட்டக்காரர் எதை அறியலாம், எதை அறியக் கூடாது என்பது அவர் கையில் இருந்தது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பகடையையும் அட்டவணையையும் ஒதுக்கிவிட்டு நடுவரின் அனுபவத் தீர்ப்பையே நம்பும் முறையும் வந்தது. நான் அந்த அளவுக்குப் போகவில்லை. என்னை நம்பும் அளவுக்கு இங்கே யாரும் இல்லை.

22.07.2024

போயா விடுமுறையன்று எங்கள் விறாந்தையில் முழுப் போரையும் ஆடினோம். மூதூரிலிருந்து இருவர் வந்திருந்தனர். பிரெஞ்சுத் தளபதிக்கு இந்தப் போரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேண்டுமென்றே அவரை அந்தக் கதிரையில் உட்கார்த்தினோம்.

நாலாம் சுற்றில் அவர் ‘நெருங்கித் தாக்கு’ என்ற கொடியை ஏற்றி, பீரங்கியையும் வெடிக்கச் செய்தார். நடுப்பிரிவு அவருடையதே, ஆகவே நெருங்கியது. முன்னணித் தலைவருடைய பகடையில் 2 விழுந்து, பீரங்கியால் 3 ஆகி, அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அவருடைய ஐந்து கப்பல்களும் ஆங்கிலேய முன்னணியைத் தாண்டி ஓடிவிட்டன. பின்னணித் தலைவருக்கு 1. அவர் மேசையின் அந்தக் கோடியிலிருந்து, எந்தக் குண்டும் எட்டாத தூரத்தில், ஒழுங்காகப் பஞ்சு வைத்துச் சுட்டுக்கொண்டே இருந்தார். பிரெஞ்சுத் தளபதி கதிரையை விட்டு எழுந்து நின்று அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வாய் திறக்கக் கூடாது என்ற விதி இல்லாதிருந்தால் அன்று வேறொரு போர் நடந்திருக்கும். பின்னணித் தலைவரோ தமக்குக் கிடைத்த சீட்டில் ‘தூரத்தைக் காத்துச் சுடு’ என்றிருந்ததால் மிகுந்த மனநிறைவோடு இருந்தார்.

ஏழாம் சுற்றில் ‘எரோ’வின் நடுப்பாய்மரம் விழுந்தது. அன்றைய உண்மைப் போரிலும் விழுந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை, மூன்று கப்பல் தனியாக நின்றால் ஏதாவது ஒன்றின் பாய்மரம் விழத்தான் செய்யும். ஆனால் ஆட்டம் முடிந்து சேதத்தைக் கூட்டியபோது பிரெஞ்சுக்காரர் வாங்கிய அடிகளில் நான்கில் மூன்று பங்கு நடுப்பிரிவின் கப்பல்களில் குவிந்திருந்தது எனக்குத் திருப்தி. ஐந்தரை மணித்தியாலம் எடுத்தது, சாப்பாட்டையும் சேர்த்து.

23.07.2024

இரவு படுத்தபின் ஒன்று மனத்தை உறுத்தியது. எல்லாவற்றையும் கொடியின் மேலும் கீழ்ப்படியாமையின் மேலும் போட்டுவிடுவது சஃப்ரெனின் வாக்குமூலத்தை அப்படியே விதியாக்குவதாகும். அவர் தம் கப்பல் தலைவர்களைக் கடுமையாகக் குற்றஞ்சாட்டினார், போருக்குப் பின் சிலர் பதவியை விட்டு விலகினர். ஆனால் பிரெஞ்சுக் கப்பல்கள் அனைத்துக்கும் அடியில் செப்புத் தகடு அடித்திருக்கவில்லை. தகடு உள்ளவை முந்தும், இல்லாதவை பாசி பிடித்துப் பிந்தும். காற்றும் மெலிந்திருந்தது. உத்தரவு புரிந்தும் வந்து சேர முடியாதவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள்.

ஆகையால் பிரெஞ்சு வரிசையில் சில கப்பல்களுக்குச் சுற்றுக்கு ஐந்து சென்ரிமீற்றர் குறைக்கும் சீட்டு வைக்கப் போகிறேன். வரிசையைக் காப்பதா, வேகமானவற்றை முன்னே விடுவதா என்ற சங்கடம் அப்போது பிரிவுத் தலைவருடைய தலையில் விழும். அதற்கு ஈடாகச் சைகைப் பகடையில் 1 விழுந்தால் தவறான சீட்டு கொடுப்பதைச் சண்டையின் முதல் ஐந்து சுற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

23.07.2024, மாலை

மூதூர் நண்பர் இதை ஏற்கவில்லை. தவறான சீட்டுத்தான் அன்றைய ஆட்டத்தின் உயிர் என்கிறார். அவர்தான் அந்தப் பின்னணித் தலைவர்.

05.08.2024

சேத விதியைப் பற்றி மூவர் கேட்டிருக்கிறார்கள். கட்டம் கட்டமாக அடிக்கும் தாள்களைத் தூக்கி எறியுங்கள். ஒரு கப்பலுக்கு மூன்று நிலை போதும்: முழு வலிமை, தளர்ந்தது, வரிசையை விட்டு விலகியது. முதல் நிலைக்கு ஒன்றும் வைப்பதில்லை, இரண்டாவதுக்கு ஒரு மஞ்சள் மணி, மூன்றாவதுக்கு ஒரு பாயைக் கழற்றிவிடுகிறோம். நான்காவதாக ‘மூழ்கியது’ என்ற நிலையைச் சேர்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு செய்தி: செப்டெம்பர் 3 அன்று 26 கப்பல்கள் பொழுதெல்லாம் சுட்டும் ஒன்றுகூட மூழ்கவில்லை, ஒன்றுகூடப் பிடிபடவில்லை. பிரெஞ்சுக்காரர் இழந்த ‘ஓரியாந்’ சில நாள் கழித்துத் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில் இரவில் தரைதட்டியே அழிந்தது. நம் துறைமுக வாயில் அன்றைய பீரங்கிகளைவிடக் கொடியது. ஆங்கிலேயர் தரப்பில் இறந்தவர் 51 பேர், ஆனால் அவர்களில் மூவர் கப்பல் தலைவர்கள். உங்கள் விதியில் ஆட்டத்துக்கு ஐந்து கப்பல் மூழ்குமானால் அட்டவணையில் அடி எண்களை அரைவாசியாக்குங்கள்.

பதினான்குக்குப் பன்னிரண்டு என்பது சிறு மேன்மை என்று ஒருவர் எழுதியதற்கும் இங்கேயே பதில். லான்செஸ்டர் முதலாம் உலகப் போர்க் காலத்தில் எழுதிய வர்க்க விதிப்படி, எல்லோரும் எல்லோரையும் சுட முடிந்தால் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. 14இன் வர்க்கம் 196, 12இன் வர்க்கம் 144. மிச்சம் 52, அதன் வர்க்கமூலம் ஏழுக்குச் சற்று மேல். அதாவது காகிதத்தில் பிரெஞ்சுக்காரர் ஏழு கப்பல் மிச்சத்தோடு வெல்ல வேண்டும். ஆங்கிலேயப் பின்னணியை இரு பக்கமும் சூழ்ந்து அடிக்கும் திட்டமும் இருந்தது. அதற்குப் போன ‘வான்ஜர்’ தீப்பிடித்து விலகியது. எல்லோரும் சுடவில்லை என்றால் வர்க்கமும் இல்லை, மூலமும் இல்லை.

06.08.2024

காற்று மாற்றத்தைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள் என்று நினைவூட்டியவருக்கு நன்றி. மாலை ஐந்தரை மணியளவில் தென்மேற்குக் காற்று சட்டென்று கிழக்குத் தென்கிழக்காகத் திரும்பியது. எங்கள் கரையில் கச்சான் தணியும் பொழுதில் காற்று புரள்வதைக் கண்டவர்களுக்கு இது அதிசயமில்லை. ஆனால் இந்தப் போரை அறிந்தவர்கள் ஒன்பதாம் சுற்றில் காற்று மாறும் என்று முன்கூட்டியே கப்பலைத் திருப்பி வைத்துக் காத்திருக்கிறார்கள். எனவே ஏழாம் சுற்றிலிருந்து நடுவர் ஒவ்வொரு சுற்றும் ஒரு பகடை உருட்டுவார். 5 அல்லது 6 விழுந்தால் காற்று மாறும், ஒரே ஒரு தடவை. மாறிய சுற்றில் எந்தச் சைகையும் செல்லாது, பிரிவுத் தலைவர்கள் தத்தம் புத்திப்படி நடக்கலாம். பன்னிரண்டாம் சுற்றுவரை மாறாவிட்டால் மாறவில்லை, அவ்வளவே.

12.08.2024

மட்டக்களப்புத் தம்பிக்கு: அட்டவணையும் எட்டுச் சைகைகளும் நான்கு பக்கத்துக்குள் அடங்கிவிட்டன, புதன்கிழமை அனுப்புகிறேன். பெரிய கப்பலுக்கும் சிறியதற்கும் அட்டவணையில் ஒரே வரியா என்று கேட்டிருந்தீர்கள். மூன்று வரிகள் போதும்: 74 பீரங்கிக் கப்பல்களும் அவற்றை அடுத்த இரண்டு பெரிய ஆங்கிலேயக் கப்பல்களும் ஒரு வரி, 64களும் 60ம் ஒரு வரி, 50கள் ஒரு வரி. பிரெஞ்சுக்காரரின் ‘கான்சொலாந்த்’ போர்க்கப்பல் வரிசைக்கு உரியதல்ல, நாற்பது பீரங்கிச் சிறுகப்பல். அதை எண்ணிக்கையில் சேர்க்காமல், சைகையைத் திருப்பிக் காட்டும் கப்பலாக வரிசைக்கு வெளியே நிறுத்துங்கள். அது நிற்கும் பிரிவுக்குப் பஞ்சினால் வரும் குறைப்புக் கிடையாது. அதைச் சண்டைக்குள் அனுப்பத் தளபதிக்கு உரிமை உண்டு, அனுப்பினால் இந்தச் சலுகை போய்விடும்.

அடுத்த ஆட்டம் புரட்டாதியில், மழைக்கு முன். ஹியூஸ் பக்கத்தின் பின்னணிக்கு ஆள் தேவை. மூதூர் நண்பர் மறுபடியும் பிரெஞ்சுப் பின்னணியையே கேட்டு எழுதியிருக்கிறார். கொடுக்கலாமா என்று மற்ற ஐவரும் சொல்லட்டும்.